புளி போட்டுத் தேய்த்த சரவிளக்கு

அம்மா,

நேற்று சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் நடுவே பொன்னிறச் சரவிளக்கு. பிளாஸ்டிக்தான், தூசியைக்கூடத் துடைக்கவில்லை. எல்லாரும் அதனடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அதன் பக்கம் போகவில்லை.

பீடோங் தோட்டத்துப் பங்களாவில் நீ ஆயாவாக இருந்தாய். வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் ஜப்பான்காரனுக்குப் பயந்து, போட்டது போட்டபடி ஓடிய பிறகு, பொன்முலாம் பூசிய நாற்காலிகளும் ஆளுயரக் கண்ணாடியும் சரவிளக்கும் அங்கேயே கிடந்தன. கான்வென்ட்டை மூடிவிட்டதால் நானும் உன்னோடு வந்துகொண்டிருந்தேன். ஜப்பானிய அதிகாரி குடிவரப் போகிறான், எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

துரைசாணி அந்த விளக்கை இறகுத் துடைப்பத்தால் மட்டுமே தொடவிடுவாள். ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ கயிற்றைத் தளர்த்தி விளக்கை இறக்கினாய். நம் வீட்டுக் குத்துவிளக்கைப் போலவே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாய். பொன் கழன்று வந்தது. உள்ளே வெள்ளைச் சுண்ணம் பூசிய வெறும் மரம்.

அதிகாரி வந்து பார்த்தான். இடுப்பு வாளில் கை வைத்துக்கொண்டு அரைகுறை மலாயில் கத்தினான். கூட வந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி முகம் வெளுத்து, அதைத் தமிழில் சொன்னார்.

"தங்கத்தச் சொரண்டி எடுத்துட்டியாம். குடுக்கலன்னா ஒன் புருசனச் சயாமுக்கு ரயில் பாத போட அனுப்பிருவானாம்."

நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

"சொரண்டலங்க ஐயா, தேச்சேன்லா! நம்ம வெளக்கு தேச்சா மின்னும். இவுக வெளக்கு தேச்சா செத்துப் போவுதே!"

"இத எப்படிம்மா நான் அவன்கிட்டச் சொல்றது?" என்றார் கிராணி.

"சொல்ல வேணாம். காட்டுறேன்."

அவன் கண்ணெதிரே, ஆளுயரக் கண்ணாடியின் பொன்முலாம் பூசிய சட்டத்தின் மேல் புளித் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தாய். இதையும் கெடுக்கிறாயே என்று நினைத்தேன். பொன் மஞ்சள் சேறாகத் துணியில் ஒட்டியது. அவன் அதைப் பிடுங்கி விரலால் உரசினான். அதில் ஒன்றும் தேறவில்லை. துணியை உன் முகத்தில் எறிந்தான். கன்னத்தில் அறைந்தான். போய்விட்டான். ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருந்த அப்பாவை யாரும் தேடி வரவில்லை.

கார் ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை நிமிர்ந்தே நின்றாய். பிறகுதான் தரையில் சரிந்தாய். பயத்தில் சிறுநீர் பிரிந்து சேலை நனைந்திருந்தது. "அப்பாகிட்டகூடச் சொல்லாத" என்றாய். சொன்னதில்லை.

இங்கே என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லையாம். யாராவது கதவைத் தட்டினால் இன்றும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்ற பிறகே திறக்கிறேன். அது திமிர் இல்லை என்பது உனக்கு மட்டும்தான் தெரியும், அம்மா.