ஏற்பி பழுதில்லை

நாள் 212. காலை 07:10. நிலவு, மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு, பள்ளி.
சொட்டு லீடர்: ரெஜினா, ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. வாந்தி இல்லை. மறுப்பு இல்லை.

நாள் 212. இரவு 23:40.
இது பதிவேட்டின் பின்பக்கம். இங்கே யாரும் திருப்புவதில்லை. கண்டெடுப்பவர் டாக்டர் கோமதியிடம் கொடுக்கவும். எனக்கு நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

காலைப் பதிவு பொய். பதினொரு பேருக்குத்தான் கொடுத்தேன். தமீமுக்குக் கொடுக்கவில்லை. நாற்பத்தொரு நாளாகக் கொடுக்கவில்லை.

அவனுக்கு ஏழு வயது. கசக்கிறது என்று தினமும் அழுவான். பூமியோடு பேச இங்கே ஆளுக்கு வாரம் பத்து நிமிடம். அவன் உம்மாவும் வாப்பாவும் இங்கேயே இருக்கிறார்கள். என் அம்மா தூத்துக்குடியில். "என் பத்து நிமிசத்த நீயே வச்சுக்கோக்கா. சொட்டு மட்டும் வேண்டாம்" என்றான். வைத்துக்கொண்டேன். குப்பியில் அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று அவன் பங்கைத் தொட்டியில் ஊற்றினேன்.

நாள் 213. இரவு 22:15.
தமீம் கட்டிலிலிருந்து குதித்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். குதித்து யாருக்கும் முறிந்ததில்லை.

டாக்டர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். செல்லின் உட்கருவில் வைட்டமின் டி ஏற்பி என்றொரு புரதம் உண்டு. வெயில் இல்லாத இந்த ஊரில் சொட்டு மருந்து போய்த் தொட்டால்தான் அது மரபணுவின் மேல் உட்கார்ந்து, கால்சியத்தை உள்ளே எடு என்று கட்டளையிடும். "மருந்து வரலன்னா சும்மா படுத்துக் கெடக்கும், நம்ம பத்தாங்கிளாஸ் பயலுவ மாதிரி" என்றார். சிரித்தோம்.

இன்று அவர் தமீமின் வாப்பாவிடம் இண்டர்காமில் பேசியது லீடர் அறையிலும் கேட்டது.
"பதிவேட்ட பாத்துட்டேன் பாய். ஒரு நாள்கூட விடல. அப்போ ஏற்பியேதான் பழுது. காலைல ஆறு மணிக்குப் பத்து மடங்கு மருந்த ஊசில போட்டாத்தான் அசையும்."
"ஏற்பி நல்லா இருந்துச்சுன்னா?"
"ரத்தத்துல கால்சியம் ஏறி இதயம் தடுமாறிரும். அதெல்லாம் பயப்படாதீங்க. ரெஜினா பொறுப்பான பிள்ளைல்லா. அவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

ஏற்பி நன்றாக இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாள் 214. 02:30.
சொன்னால் லீடர் பொறுப்பு போகும். அவன் தந்த பத்து நிமிடம் போகும். என் பத்து நிமிடமும் சேர்ந்து போகும். அம்மாவுக்கும் தெரிந்துவிடும். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

05:20.
இண்டர்காமை அழுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னார்: "ஏட்டி, வலி தாங்காம கத்துனான்னு மூணு மணிக்கே போட்டுட்டேனே."

மூன்று மணி. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

05:45. மருத்துவ அறை.
டாக்டருக்குக் கை ஓயவில்லை. மானிட்டரைப் பார்த்து தமீமின் இதயத் துடிப்பை என்னை எழுதச் சொன்னார். 72.

05:55.
63.

06:05.
55. விட்டு விட்டுத் துடிக்கிறது. "எம்புள்ளைக்கு மருந்து குடுக்காதது யாரு?" என்று வாப்பா கேட்டார். தமீம் கண்ணைத் திறந்தான். "நாந்தான் வாப்பா தெனமும் துப்பிட்டேன். அக்காவ ஏசாதீங்க."
டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

06:15.
46. அவன் துப்பவில்லை. நான் கொடுக்கவில்லை. இதை வாசிக்கிறவர் அவன் வாப்பாவிடம்

06:20.
0.