இரட்டையரில் ஒருத்தியைக் காணோம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், உன் அப்பா இங்கே குறையில்லாமல் குறட்டை விடுகிறார், நான்தான் இன்று மதியம் ஆஸ்பத்திரிக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் பயந்து உட்கார்ந்திருந்தேன். துப்புரவு அக்கா கதவைத் தட்டி, உள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்று புளுகினேன்.

எங்கள் பதிவேட்டுப் பிரிவில் வெளிநோயாளிப் பட்டியலையும் வார்டுப் பட்டியலையும் ஒன்றாக்கி, இரண்டு தடவை வருகிறவர்களை ஒரு தடவையாக்கச் சொல்லியிருந்தார்கள். கணிதத்தில் கணம் (செட்) என்றால் ஒரு உறுப்பு அதில் ஒரு தடவைதான், பத்துத் தடவை போட்டாலும் ஒன்றுதான் என்று நீ போனில் சொன்னாயே, அதைப் பிரிவு முழுக்க என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லித் திரிந்தேன். எது ஒன்று, எது இரண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் உன்னிடம் கேட்கவில்லை. பேரை ஆளாளுக்கு ஒரு மாதிரி பதிந்திருந்ததால் அதை விட்டுவிட்டு, பிறந்த தேதி, விலாசம், போன் நம்பர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்தேன். நாற்பத்தொரு வரி போயிற்று, மேலாளர் கைகொடுத்தார், நானும் கொஞ்சம் நெளிந்தேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது, நம் எதிர்வீட்டுத் தையல்காரிகள் இரட்டைப் பிள்ளைகள், ஒரே தேதி, ஒரே வீடு, இருவருக்கும் கடைப் போன்தான். இளையவளுக்கு நாளைக் காலை பித்தப்பை ஆபரேஷன். ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தால் வெளிநோயாளியாக வந்துபோகும் மூத்தவள் இருக்கிறாள், இளையவளைக் காணோம். அவளுக்கு ஒரு ஊசி மருந்து ஆகவே ஆகாது, போட்டால் மூச்சடைத்துவிடும், அந்தக் குறிப்பும் அவளோடு போய்விட்டது. அப்போதுதான் கழிவறை.

பிறகு வார்டுக்கே போய் நர்ஸிடம் எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். "அந்த மருந்து ஆகாதுன்னு கையில சிவப்புப் பட்டை கட்டியிருக்கோம்மா, நீங்க போய்த் தண்ணி குடிங்க" என்றாள். கட்டிலில் இருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்து, என் துணி தைத்தாகிவிட்டது, அக்காவிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவளைப் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டேன். மிச்சம் நாற்பது வரியில் எத்தனை இரட்டைகளோ. பழைய பிரதி இருக்கிறது, அதில் இருந்து புதியதில் இல்லாதவர்களை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது என்று எழுந்ததும் சொல். மேலாளரிடம் நாளை நானே சொல்லிவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும், குறிப்பாக என் கையால்.

உன் அம்மா

மறந்துவிட்டேன். எந்த வார்டிலும் அந்தப் புதுப் பட்டியலை இதுவரை யாரும் திறந்ததே இல்லையாம், கடவுச்சொல் வரவில்லையாம். அனுப்ப வேண்டியவள் நான்தான்.