இடக்கைக்கு வந்த துவக்கு

இன்று காலை தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன். விரலில் ஒட்டிய வாசனை மூக்கில் ஏறியதும், தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். நீ கண்மூடி மூன்று வருடமாகிறது. சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்றால் நீ கோபிக்கமாட்டாய்.

எண்பத்து மூன்றின் தொடக்கம். மானிப்பாயில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீ விஞ்ஞானமும் நான் தையலும் படிப்பித்தோம். பல்கலைக்கழகக் காலத்தில் நீ குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் வென்றவள் என்று எனக்குத் தெரியும். சைக்கிளால் விழுந்து முறிந்த வலது கை வளைந்தபடியே பொருந்திய பிறகு அந்தக் கதையையே நீ எடுப்பதில்லை என்பதும் தெரியும். ஒரு சனிக்கிழமை திடீரென்று என் வாசலில் வந்து நின்றாய்.

"வெளிக்கிடடி, டவுனுக்குப் போவம். புது மாதிரித் துவக்கு ஒண்டு வந்திருக்காம். இடக்கையாலையும் சுடலாமாம்."

பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். விளையாட்டுச் சாமான் கடை முதலாளி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆருக்குப் பிள்ளை? அண்ணைக்கோ?"

"எனக்குத்தான்," என்றாய் நீ.

காற்றை அழுத்திச் சுடும் துவக்கு அது. நான் கண்டிருந்த வேட்டைத் துவக்குகள் போலவே இல்லை. கன்னம் வைக்கும் பலகையை ஏற்றலாம், இறக்கலாம், எந்தப் பக்கக் கன்னமும் பொருந்தும். பின்னால் குறிபார்க்க ஒரு சின்ன வட்டத் துளை. புது எண்ணெய் மணந்தது. இடது தோளில் சாய்த்துக் கன்னத்தை வைத்தாய். அப்போது உன் முகத்தில் வந்த அமைதியை நான் வகுப்பறையில் ஒருநாளும் கண்டதில்லை.

கடையின் பின்வளவில் மண்மூட்டைகளுக்கு முன்னால் அட்டை குத்தி, சுட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கேதான் இடறியது. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும், வலப்பக்கத்திலிருந்த இரும்புப் பிடியை இழுத்துக் காற்றை அழுத்த வேண்டும். உன் வலது கைக்கு அது ஏலவில்லை. இரண்டாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாய். அசையவில்லை.

"விடுங்கோ பிள்ளை, உது ஆம்பிளையளுக்கே பாரம்."

நீ துவக்கைத் திருப்பி நீட்டினாய். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பறித்துப் பிடியை ஒரே மூச்சில் இழுத்தேன். நாள்தோறும் கிணற்றில் தண்ணீர் அள்ளிய கை அல்லவா!

"நான் இழுக்கிறன். நீ சுடு."

முதல் குண்டு மண்மூட்டையில். இரண்டாவது அட்டையின் ஓரத்தில். துளையின் திருகாணியை மெல்லத் திருகினாய். "மூச்சை விட்டிட்டுத்தான் விரலை அசைக்கவேணும்," என்று உனக்கே சொல்லிக்கொண்டாய். மூன்றாவது நடுக் கறுப்பில். நான்காவதும் அப்படியே. ஐந்தாவதை எங்கும் காணவில்லை. முதலாளி அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலாவது ஓட்டைக்குள்ளாலையே போயிருக்கு, பிள்ளை!"

என்னைக் கட்டிப்பிடித்து நீ அழுதாயா சிரித்தாயா என்று எனக்கு இன்றும் தெரியாது. துவக்கை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

சித்திரையில் சுடுபோட்டிக்குப் போனோம். "ஒருத்தர்தான் சுடலாம்," என்று மறித்தார் நடுவர். "ஓம் ஐயா, அவதான் சுடுறா. நான் இழுக்க மட்டும் வந்தனான்," என்றேன். அவரும் சிரித்துவிட்டார். உனக்கு இரண்டாமிடம். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்திருந்தாய்.

ஆடியில் கலவரம் வெடித்தது. அந்த வருடம் முடிவதற்குள், வீட்டில் துவக்கென்று ஒன்றை வைத்திருக்க முடியாத காலம் வந்தது. துடைத்து, கடைக்காரரிடமே கொடுத்தாய். எனக்குத்தான் கண் கலங்கியது. "இனி ஒருநாளும் ஏலாது எண்டு இருந்தனான். கொஞ்ச மாசமெண்டாலும் சுட்டனான்தானே?" என்றாய்.

இப்போது யாராவது ஏலாது என்றால், எந்த இடத்தில் ஏலாது என்றுதான் கேட்கிறேன். போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா, கை உளைவால் பணியாரத்துக்குப் பனங்காய் பிசைய முடியவில்லை என்று சலித்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன். "நான் பிசையிறன், நீங்கள் பணியாரத்தைச் சுடுங்கோ," என்றேன். ஒரு பெரிய சட்டி நிறையச் சுட்டார். ஒன்றுகூடக் கருகவில்லை.