படத்தில் இல்லாத தோல்

கண்ணால் ஒருநாளும் காணாத என் அன்புச் சசி அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு வருடம். நான் உங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம். இரண்டாம் தாரமாக வந்தவள் முதல் மனைவிக்குக் கடிதம் எழுதுவது எந்த ஊர் முறை என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் படத்தைத் துடைத்துப் பூ வைப்பவள் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும். நீலச் சேலை, கழுத்தெலும்பு தெரிகிற மெலிவு, ஒரு சுருக்கமும் இல்லாத கன்னம். உங்களுக்கு என்றைக்கும் இருபத்தாறு வயது. எனக்கு நாற்பத்தெட்டு, அப்போது எடை இருநூற்றுப் பதினைந்து இறாத்தல். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை பிடிக்கலாம், அவளும் ஒருநாள் கிழவியாவாள் என்று ஆறுதல்படலாம். படத்தோடு என்ன செய்வது?

அதனால்தான் மெலிந்தேன் அக்கா. ஊருக்குச் சொன்ன காரணம் சுகர். உண்மைக் காரணம் நீங்கள். சோற்றை விட்டேன். பனிக்காலம் முழுக்கக் கடைகள் நிறைந்த மோலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒன்றரை வருடத்தில் எண்பது இறாத்தல் போனது.

தோல் போகவில்லை. அது எங்கே போகும்? வயிற்றில் மடிந்து தொடை வரை தொங்கியது. கையைத் தூக்கினால் அது தன்பாட்டில் ஆடியது. நடந்து இதைச் சரிப்படுத்த முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். கத்தி என்றதும் எழும்பி வந்துவிட்டேன். ஸ்காபரோ மரக்கறிக் கடையில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "என்ன பிள்ளை, இப்பிடி வத்திப் போனாய், ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார். அழகாக வரத்தான் மெலிந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு இவருக்கும் ஒளிக்கத் தொடங்கினேன். கதவைப் பூட்டிக்கொண்டுதான் உடுப்பு மாற்றுவேன். வயிற்று மடிப்புக்குள் வேர்த்து, அவிந்து, தோல் புண்ணாகிவிட்டது. ஒரு வாடையும் வந்தது. வாசனைத் திரவியத்தை அள்ளி அடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் படுத்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. சசியென்றால் இப்படி விலகிப் படுக்க விட்டிருப்பாரா என்று நினைத்தேன்.

போன ஞாயிறு காலை தோய்க்கப் போட்ட உடுப்பில் இரத்தக் கறையைக் கண்டுவிட்டார். ஒரு கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகளுமாக அறைக் கதவில் வந்து தட்டினார்.

"கதவைத் திறவும். உமக்கு நோகாமச் செய்துவிடுறன்."

திறந்தேன். ஆனால் முதலில் யன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினேன். வெளியே கொட்டிக் கிடந்த பனி வெயிலில் பளீரென்றது. அந்த வெளிச்சத்தில் என்னை அவர் பார்ப்பதை நினைக்கவே முடியவில்லை.

அரை இருட்டில் புறங்கையால் மடிப்பைத் தூக்கினார். துணியை நனைத்து ஒற்றினார், காயவைத்தார், இன்னொரு துண்டை நீளமாக மடித்து இடையில் வைத்தார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"சசிக்குச் செய்தனான். உரஞ்சக்கூடாது, ஒத்தித்தான் எடுக்கவேணும்."

அக்கா, அப்போதுதான் கேள்விப்பட்டேன். படம் உங்கள் கலியாணத்துக்கு முந்தி எடுத்ததாம். பிறகு என்னைவிடப் பெருத்தீர்களாம். பெருத்தபின் படம் எடுக்க விடவே இல்லையாம். கடைசி வருடம் நோய் உங்களை உருக்கிவிட, தோல் மட்டும் மிஞ்சியதாம். நான் ஐந்து வருடமாகப் பொறாமைப்பட்டவள் இந்த வீட்டில் வாழவே இல்லை.

உங்களுக்காக மனம் இரங்கியிருக்க வேண்டும். இரங்கியது, பிறகுதான். முதலில் எரிந்தது. இந்தத் தொங்கல் தோலாவது எனக்கு மட்டும் உரியது என்று இருந்தேன். அதையும் நீங்கள்தான் முதலில் உடுத்தியிருக்கிறீர்கள். அவர் கை என்னில் தடுமாறாதது உங்களால்தான். இந்த அன்பும் எனக்கு இரண்டாம் தரமாகத்தான் வரவேண்டுமா?

கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பியவர், மூடிய யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளும் உப்பிடித்தான், திரையை இழுத்து மூடிப்போட்டுத்தான் என்னைக் கிட்ட விடுவாள். கடைசிவரைக்கும் நான் அவளை வெளிச்சத்தில பாக்கேல்ல."

அவர் அழுததை நான் முதன்முதலாகக் கண்டேன். அவருக்கு எந்தக் கோலத்திலும் நீங்கள் போதுமாக இருந்திருக்கிறீர்கள். அது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டதா, அக்கா? தெரிந்துதான் மூடினீர்களா?

பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது மறுபடி வரும். பூவும் வைப்பேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலை வழக்கம்போல அவர் தண்ணீரோடு வரும்போது திரைச்சீலையை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் கட்டிலில் இருப்பேன். வெட்கத்தில் சாவேன், என்றாலும் மூட மாட்டேன். உங்களைப் பார்க்காமல் விட்டதையும் சேர்த்து அவர் பார்க்கட்டும். அது ஒன்றிலாவது நான் உங்களை முந்துகிறேன்.

உங்களுக்குப் பின் வந்த,
உங்கள் தங்கச்சி.
மோர்னிங்சைட், ஸ்காபரோ, கனடா