எட்மண்டுக்கு நான் போட்ட கையெழுத்து

2025 மார்ச் 3, திங்கள்

அஸ்ஸாம் வண்டியில் இன்று நல்ல கூட்டம். ஸ்டேஷனில் 'சுற்றுலா உதவி மையம்' என்று போர்டு மாட்டி, திருநீர்மலையும் குன்றத்தூரும் அட்டையில் போட்ட கையேடுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். தாம்பரத்தில் இறங்குகிறவர்கள் கேட்பதோ ஆஸ்பத்திரிக்கு வழி.

ரூபாலி என்ற பெண், அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக வந்திருக்கிறாள். நாளை காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். தெரிந்த இந்தியில் தைரியம் சொல்லிவிட்டு எட்மண்டைக் கூப்பிட்டேன். மையத்தின் டிரைவர் பட்டியலில் அவனைச் சேர்க்க, நடத்தைக்கு உத்தரவாதம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். "என் சொந்தத் தம்பி, பயப்படாதீங்க" என்றேன். பெரியவரைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றினான். இன்று லாட்ஜில் விட்டுவிட்டு, நாளை காலை அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான். பார்க்கப் பெருமையாக இருந்தது.

மார்ச் 4

எட்மண்டிடமிருந்து மெசேஜ்: "ஆஸ்பிட்டல்ல டிராப் பண்ணிட்டேன்க்கா. நீ டென்ஷன் ஆகாத."

மார்ச் 6, வியாழன்

ரூபாலி தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார் என்று எட்மண்ட் சொன்னானாம். சேலையூர் பக்கம் ஏதோ ஒரு கிளினிக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். இரண்டு நாளாக டெஸ்ட் மேல் டெஸ்ட். இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்திருக்கிறது, ஏன் வரவில்லை என்று. இனி ஜூன் மாதம்தான் நேரம் தருவார்களாம்.

அழவில்லை அவள். "தம்பின்னு சொன்னீங்களே தீதி. அதனாலதான் நாங்க விசாரிக்கவே இல்ல" என்றாள். தீதி என்றால் அக்கா.

எட்மண்டைக் கூப்பிட்டேன்.

"அங்க கியூ ஜாஸ்திக்கா. இங்கன்னா சீக்கிரம் பாப்பாங்க..."

"டாக்டர் ஊர்ல இல்லன்னு யார்டா சொன்னது?"

"ஆள் கூட்டிட்டுப் போனா கிளினிக்ல ஏதோ தருவாங்க. எல்லா டிரைவரும் பண்றதுதான். நீ ஏன் இதப் பெருசு பண்ற?"

நான் யாருடா உனக்கு? உன் அக்காவா, ஆள் பிடிச்சுக் குடுக்கிறவளா?

மார்ச் 7

பதிவேட்டை எடுத்து, நான் அவனோடு அனுப்பியவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். மூன்று பேர் இதே கதையைச் சொன்னார்கள். திரிபுராக்காரர் ஒருவர் நன்றி சொன்னார்: நல்ல வேளை, டாக்டர் இல்லை என்று உங்கள் தம்பி முன்னாடியே சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் வீணாக அலைந்திருப்போம் என்று. உண்மையைச் சொன்னேன். வைத்துவிட்டார்.

மார்ச் 8

மையத்தின் பொறுப்பாளர் சுபத்ரா மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு கிறிஸ்டி. எழுத்துல ஒண்ணும் வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா நம்ம பேர்தான் கெடும்" என்றார்.

விருந்தினர்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர் இவர்.

எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினேன். முதல் வரியில் உத்தரவாதக் கையெழுத்து என்னுடையது என்பதைச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எட்மண்டின் மனைவி ஜென்சி வழிமறித்தாள். "ஸ்டேஷன்ல இனிமே ஆட்டோ நிறுத்தக் கூடாதுன்னுட்டாங்க. கூடப் பொறந்தவன் மேல எழுதிக் குடுக்க எப்படி அண்ணி மனசு வந்துச்சு?"

அவன் சர்ச் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றான். என்னைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியது நானில்லையா? அவனுக்கு எப்படி மனசு வந்தது?

மார்ச் 19

லீவு போட்டுவிட்டு ரூபாலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தப்பு எங்கள் பக்கம் என்று கவுண்டரில் மூன்று பேரிடம் சொன்னேன். சாயங்காலம் ஒரு பெரிய நர்ஸ் வந்து, யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

மார்ச் 22

ஆபரேஷன் முடிந்தது. ஸ்தோத்திரம்.

மார்ச் 26

ஏப்ரல் முதல் நான் வேலைக்கு வர வேண்டாமாம். ஒப்பந்தம் முடிகிறது என்று ஒரே வரி.

மார்ச் 31, திங்கள்

ரூபாலியும் அப்பாவும் ஊருக்குக் கிளம்பினார்கள். எனக்கு மையத்தில் கடைசி நாள். முன்னதாகவே பிளாட்பாரத்துக்குப் போய் நின்றேன். பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ரூபாலி கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் கோச் நிற்கும் இடத்தைக் காட்டி, சூட்கேஸைத் தூக்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம் தீதி" என்று சிரித்துக்கொண்டே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் காட்டிய இடம் சரிதானா என்று, அந்த வழியாக வந்த டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.