முதல் கரண்டிப் பாகு

பாகூர்
22-1-1935

அன்புள்ள நசீராவுக்கு,

ருக்குமணி எழுதிக்கொள்வது. நீயும் உன் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று வில்லியனூர்த் திருக்காமீசுவரரையும் உன் ஆண்டவனையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு உன் காகிதம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தராசு பிடிக்கிற கைக்குப் பேனா பிடிக்க நேரமில்லை போலிருக்கிறது. கொஞ்சம் கோபந்தான்.

ஒரு சேதி. இரண்டு மாதமாக அப்படியொரு தாகம் எனக்கு. குடம் குடமாகக் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் புதுவைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். டாக்டர் என் நீரை ஏதோ நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாக மாறிவிட்டது. நீரிழிவு என்றார். வெல்லம், சர்க்கரை, கிழங்கு எதையும் தொடக்கூடாது, சோறு ஒரு கைப்பிடிதான், மற்றபடி கீரை, பயறு, மோர் என்று சொல்லி அனுப்பினார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இங்கே கரும்பு ஆலை ஓடுகிற காலம். வெட்டவும் ஆட்டவும் காய்ச்சவும் வருகிற இருபத்திரண்டு பேருக்கு நான் உலை வைக்கிறேன். எனக்கென்று தனியாகச் சமைக்க எங்கே பொழுது? வடித்த சோற்றில் குழம்பை ஊற்றி நின்றபடியே விழுங்குகிறேன். உன் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தானே இருந்தது? அவருக்கு என்ன செய்து கொடுத்தாய்? எழுது.

உன் ருக்கு

வில்லியனூர்
30-1-1935

ருக்கு,

உன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொழுது வியாபாரமே பார்க்கவில்லை. பயப்படாதே. இந்த நோயோடு நெடுங்காலம் இருந்தவர்கள் உண்டு.

அவருக்கு என்ன கொடுத்தேன் என்பதை விடு. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று சொல்கிறேன். அவர் போன இந்த மூன்று வருஷமாகக் கடையில் நான் ஒருத்திதான். அடுப்படியில் நிற்க நேரம் கிடையாது. பச்சைப்பயறை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுகிறேன். மறுநாள் முளைத்திருக்கும். வெங்காயம் நறுக்கிப் போட்டு, உப்புச் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் முடிந்தது. அடுப்பே வேண்டாம். உன் அடுப்பு அணைகிற சூட்டில் சட்டியை வைத்து ஒரு கை முருங்கைக்கீரையைப் புரட்டி எடு. கம்பைக் கொஞ்சமாகக் கஞ்சி காய்ச்சி, நிறைய மோர் விட்டுக் கரைத்து வைத்துக்கொள். வேலைக்கு நடுவே குடிக்கலாம். மீன் வந்தால் எண்ணெய் இல்லாமல் புளியில் கொதிக்க விடு.

எங்கள் வண்டிக்காரர் ஆதிமூலத்திடம் பயறும் கம்பும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தின்னலாம் என்று இருக்காதே. முதலில் நீ சாப்பிடு.

நசீரா

பாகூர்
3-3-1935

அன்பு நசீரா,

நீ சொன்னபடி இருபது நாள் இருந்தேன். தாகம் பாதியாகக் குறைந்துவிட்டது. இரவில் எழுந்திருப்பதும் இல்லை. உனக்குக் கோடி புண்ணியம் என்று எழுத நினைத்திருந்தேன். அதற்குள் எல்லாம் கெட்டது.

பத்தியத்தில் நான் இன்னும் இளைத்தேன். அதுதான் வினை. உனக்குத் தெரியுமே, இவருடைய மூத்தவள், முதல் சம்சாரம், காசநோயில் போனவள். இவர் எவ்வளவு ஊட்டியும் தேறாமல், எலும்பும் தோலுமாய், இவர் மடியிலேயே போனாளாம். என் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்ததும் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் முளைகட்டின பயறைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது? மாட்டுக்கு வைக்கிறத நீ துன்றியா? அதான் இப்பிடி எளைச்சிக்கினே போற!" என்று துணியோடு எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டிவிட்டார்.

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அவரு ஆயிரம் சொல்லுவாரு. அவரா வந்து உன்ன தூக்கப் போறாரு?" என்றார்.

அன்றிலிருந்து விடிகாலையில் கொப்பரையில் பாகு பதம் வந்ததும் முதல் கரண்டியை எனக்குத்தான் கொண்டுவருகிறார். ஊதி ஊதி ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை எதிரிலேயே நிற்கிறார். "குடி புள்ள, தேறிடுவ" என்கிறார். நானும் குடிக்கிறேன். அடிக்கிறவராக இருந்தால் எதிர்த்துக் கத்திவிடுவேன். இப்படிக் கண்ணில் நீரோடு நிற்கிறவரை என்ன சொல்லி எதிர்ப்பது? இந்த வீட்டில் எந்தக் கதவையும் யாரும் பூட்டவில்லை. ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ருக்கு

வில்லியனூர்
9-3-1935

ருக்கு,

குடிக்காதே. கீழே ஊற்று, கை தவறிக் கொட்டிவிட்டேன் என்று பொய் சொல், என்ன வேண்டுமானாலும் செய். அதுவும் முடியாவிட்டால் செல்லிப்பட்டில் உன் அண்ணன் வீரப்பன் வீட்டுக்கு இரண்டு மாதம் போய் இரு. ஆலை உன்னை நம்பியா ஓடுகிறது? உலை வைக்க வேறு ஆள் கிடைக்கும்.

அடுத்த சந்தை நாளில் மறுபடியும் பயறு அனுப்புகிறேன். தவிட்டு மூட்டைக்குள் வைத்து அனுப்பச் சொல்கிறேன். திருட்டுத்தனம் என்று சிரிக்காதே.

நசீரா

பாகூர்
28-4-1935

அன்பு நசீரா,

எழுத்து பெரிதும் சிறிதுமாக இருந்தால் மன்னித்துக்கொள். கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை. பங்குனியிலிருந்து கண்ணில் புகை கவிந்த மாதிரி இருக்கிறது. வலது கண் மோசம்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டே நாள். "புருசன் வவுறார சோறு போட்றான்னு புகார் சொல்ல வந்தியா?" என்று அண்ணியும் அவனும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் இவர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார், மடியில் அதிரசப் பொட்டலத்தோடு. வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

தவிட்டு மூட்டையில் நீ வைத்ததும் அகப்பட்டுக்கொண்டது. "அந்தம்மாவுக்கு உம்மேல இன்னா பொறாமை?" என்று கேட்டார்.

இதுதான் என் கையால் உனக்கு நான் எழுதுகிற கடைசிக் காகிதம் என்று நினைக்கிறேன். இனி நீ எழுதுவதை அவர்தான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆகவே பார்த்து எழுது. எழுதாமலும் இருந்துவிடாதே.

ருக்கு

வில்லியனூர்
6-5-1935

அன்புள்ள ருக்குமணிக்கு,

இதைப் படிக்கிறவர் சிங்காரவேலு அண்ணன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அண்ணே, தயவுசெய்து ஒரு வரிகூட விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு என்ன கொடுத்தாய் என்று தை மாதம் கேட்டாயே ருக்கு. நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். டாக்டர் அவருக்கும் இதையேதான் சொன்னார். ஏழு மாதம் ஒழுங்காகப் பத்தியம் பார்த்தேன். அவர் கன்னம் ஒட்டிப்போயிற்று. சாமான் வாங்க வருகிறவர்களெல்லாம், "நசீரா புருசன பட்டினி போட்றா" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் அவரைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. பெருநாள் அன்று பாயசத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வாய் குடுடி" என்றார். கொடுத்தேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மறுநாளும் கொடுத்தேன். அப்புறம் தினமும் கொடுத்தேன். அவர் தேறி வருவதாகவே நினைத்தேன்.

காலில் ஒரு முள் குத்திற்று. சின்னப் புண்தான். அது ஆறவே இல்லை. மூன்றாவது மாதம் முழங்கால்வரை கறுத்துவிட்டது. அதற்கப்புறம் எட்டு நாள்தான் இருந்தார். மய்யித்து வீட்டுக்கு வந்தவர்கள், நசீரா மாதிரி யார் கவனித்துக்கொள்வார்கள் என்றார்கள். பாயசத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணே, உங்கள் மூத்தவர் இளைத்தது வேறு நோயால். அவருக்கு நீங்கள் ஊட்டியது சரி. ஆனால் என் புருஷன் இளைத்ததால் சாகவில்லை. நான் ஊட்டியதால் செத்தார். ஆசையாகத்தான் ஊட்டினேன்.

நசீரா

பாகூர்
19-6-1935

அன்புள்ள நசீராவுக்கு,

சொல்லுவது ருக்குமணி. எழுதுவது அவர்.

உன் காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் 'அண்ணே, உங்கள் மூத்தவர்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். மீதியைப் படிக்காமல் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. ஏறுகிற சத்தம் கேட்கவே இல்லை. வெகுநேரம் கழித்து வந்து விட்ட இடத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தார்.

மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் ஏதோ உருளுகிற சத்தம். "இன்னா தேடறீங்க?" என்றேன். "இந்தப் பயிற எம்மா நேரம் ஊறவெக்கணும்?" என்றார்.

இப்போது ஒரு மாதமாகப் பத்தியம் நடக்கிறது. அவரே செய்கிறார். கீரையில் மண் நறநறக்கிறது. நான் தின்கிறதையே அவரும் தின்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. தாகம் அடங்கிவிட்டது. புதுவைக்கும் போய்வந்தோம். வலது கண் இனித் திரும்பாதாம். இடது கண்ணாவது இருக்கிற மட்டில் நின்றால் பெரிது என்றார் டாக்டர். வழியில் இவர் என்னைவிட அதிகமாக அழுதார். நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

நசீரா, உனக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் இனி நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழுந்து அவர் கைவழியாகத்தான் உனக்கு வர வேண்டும். கண்ணைப் பற்றி நான் ஒருநாள் முழுக்க அழ வேண்டும். கொஞ்சம் கத்தவும் வேண்டும். அவர் எதிரில் முடியாது. அவர் தாங்க மாட்டார். அவர் எழுதிக்கொடுக்கிற காகிதத்திலும் முடியாது. நீ கடையை ஒருநாள் மூடிவிட்டு வா. நீ வருகிற அன்றைக்கு அவரைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறேன்.

"இதையும் எழுதறீங்களா?" என்று இப்போது கேட்டேன்.

"எழுதிட்டேன் புள்ள" என்கிறார்.

உன் ருக்கு