கடைசித் தட்டில் இருந்த டேப்

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? உன் முதுகுவலி தேவலையா? "போன்லயே சொல்லிடுங்களேன், கடுதாசி எதுக்கு?" என்கிறாள் உன் அண்ணி. மூன்று தடவை போன் செய்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அம்மா குரலை எப்போது அனுப்புவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அனுப்ப முடியாதம்மா. அது போய்விட்டது. தொலைத்தவன் நான்தான்.

குரலே போய்விடும் என்றார்களே, அந்தத் தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள், எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் செய்வதுபோல அம்மா குரலையும் பதிவு செய்தோம். பட்டனை அழுத்தியதே நான்தான். ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணிவிட்டு, "நீ வெளிய போடா. இனிமே பேசறது அவளுக்கு. நான் போனப்புறம் குடு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். கண்ணாடி வழியாக அவள் சிரித்தது மட்டும் தெரிந்தது. பதிவு ஆஸ்பத்திரி சர்வரிலும், அதன் நகல் ஒரு டேப்பிலும் ஏறியது. எட்டு வருஷம் அந்த டேப் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் அறையிலேயே இருந்தும் நான் கேட்கவில்லை. உனக்கு வந்த கடிதத்தை நான் பிரிப்பேனா?

போன வருஷம் பேக்கப் சர்வரை மாற்றினோம், டேப்பைப் படிக்கும் டிரைவும் புதுசு. எது எதோடு ஒத்துப்போகும் என்ற பட்டியலில் சர்வர், கார்டு, கேபிள் என்று வரிவரியாக டிக் அடித்தேன். பழைய டேப்பைப் படிக்கிறதா என்று பார்க்க, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். கைக்கு எட்டியதை எடுப்பதுதான் எங்கள் அறை வழக்கம். அழகாகப் படித்தது. முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளை எந்த டிரைவும் படிக்கும் என்ற நினைப்பு எனக்கு. இந்தப் புது டிரைவில் அதை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். அம்மா டேப் அதற்கும் முந்தையது, கடைசித் தட்டில் கிடந்தது. குனியச் சோம்பல், வேறென்ன! சர்வர் டிஸ்க்கில் இருந்ததை, டேப்தான் இருக்கிறதே என்று அழித்தேன். பழைய டிரைவையும் நானே கையெழுத்துப் போட்டுக் காயலான் கடைக்கு அனுப்பினேன்.

அம்மா போனபிறகு டேப்பைப் போட்டேன். புது டிரைவ் அதை வெளியே துப்பியது. நாயாய் அலைந்து எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவ் வாங்கிவந்தேன். அந்தப் பாழாய்ப்போனது டேப்பை உள்ளே இழுத்து, கசக்கி, அறுத்தே விட்டது. அறுந்த டேப்பிலிருந்து பதிவை மீட்டுத் தருகிறவரிடம் அனுப்பினேன். "இதுல ஒண்ணும் தேறாது சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

என்ன சொன்னாள் என்றாவது எழுதலாமென்றால் எனக்கே தெரியாதே! ஒரே ஒரு தடவை திருட்டுத்தனமாகக் கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

பதிவேட்டில் அம்மா பெயருக்கு நேரே பதினொரு நிமிஷம் என்று இருக்கிறது. இருபதுவரை எண்ண அரை நிமிஷம் ஆகியிருக்கும். மீதி முழுக்க உன்னோடு பேசியிருக்கிறாள்.

டேப் பெட்டியை உனக்கு அனுப்பட்டுமா, நானே வைத்துக்கொள்ளட்டுமா? திட்டியாவது நாலு வரி எழுதும்மா. நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அண்ணன்